கால்வாய்க்கு ஒரு மூடுவிழா

அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்ததைவிட, சுத்தம் செய்யத் தொடங்கி வைத்ததுதான் அதிகம். இதைத் தெருவில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். கூடவே இருந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் ஹலோ அண்ணன். எல்லாத் தொடக்க விழாவுக்கும் மைக் செட் போட்டவர் அவர்தான்.

விழாவுக்கு முன் மைக்கை விரலால் சுண்டி "ஹலோ... ஹலோ..." என்பார். அதோடு சரி. கூட்டம் கலையும்வரை அவர் வாயிலிருந்து வேறு சொல் வராது. இத்தனை ஒலிபெருக்கிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு குறைவாகப் பேசும் மனிதரைப் பார்ப்பது அபூர்வம். வீட்டில் பேசுவார். பேசினால் அது பெரும்பாலும் சந்தேகமாக இருக்கும். பால் தண்ணீராக இருந்தால் சந்தேகம். கெட்டியாக இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

"நான் சிரிச்சாக்கூட எதுக்குச் சிரிச்சேன்னு கேப்பாரு," என்பார் அவர் மனைவி. "அதுக்குள்ள எனக்கே மறந்து போயிருக்கும். ஏன் மறந்துச்சுன்னு அதையும் கேப்பாரு."

கால்வாய் விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை கற்று, யாரோ தூக்கிப்போட்ட ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து, தனியாகக் கடை போட்ட புதிதில் முதல் கால்வாய் விழா வந்தது. "அடுத்த கோடைக்குள் இந்தத் தண்ணீரில் உங்கள் முகம் தெரியும்" என்று மேடையில் ஒருவர் முழங்கினார். ஹலோ அண்ணன் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினார். கடைசியாக அவர் கைதட்டியது அன்றுதான். அந்தத் திட்டத்தில் இயந்திரம் வந்து சேற்றை வாரிக் கரையிலேயே குவித்தது. மழை வந்து குவியலைப் பத்திரமாக உள்ளே திருப்பி வைத்தது. அடுத்த திட்டத்தில் கம்பி வேலி, வேலிக்குப் பெயின்ட். அதற்கடுத்து நீரூற்று. விழாவன்று லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பீய்ச்சினார்கள். லாரி கிளம்பியதும் நீரூற்றும் கிளம்பிவிட்டது.

"கால்வாய்க்கு வர்ற பணம் கால்வாய்க்குள்ள இறங்கவே இறங்காது," என்பார் ஹலோ அண்ணன். "பேன்ட் நனைஞ்சிடும்னு கரையிலேயே நின்னுக்கும்."

தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசுபவர் மைக்கை விட்டு நகர்ந்தால், ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை நிறுத்துவார். தன் ஹெட்போனுக்கு வருவதை நிறுத்த மாட்டார். "இன்னும் ஒரே ஒரு வார்த்தை" என்று திரும்பி வராத பேச்சாளர் உலகத்தில் இல்லை. வந்ததும் பிடித்தாக வேண்டும். அதனால் மேடையில் இருப்பவர்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதெல்லாம் அவர் காதில் விழும். யாருக்கு வயிறு சரியில்லை, யார் பக்கத்தில் உட்கார யாருக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் தெரியும். ஒன்றையும் அவர் வெளியே விட்டதில்லை. மேடையில் கேட்டது மேடையோடு போய்விட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு யார் மைக் செட்டுக்குக் கூப்பிடுவார்கள்?

வீடு கால்வாயை ஒட்டி இருந்தது. முன்னறையில் கூரைவரை ஸ்பீக்கர் பெட்டிகள். பின்னறையில் மனைவியின் தையல் மிஷின். தெருவுக்கு அவர் டெய்லர் அக்கா. பின்னறைக்கு ஒரே ஜன்னல். அது கால்வாயைப் பார்த்த ஜன்னல். நாற்றம் தாங்காமல் ஹலோ அண்ணன் அதன் கதவுக்கு ஆணி அடித்து, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மேலே பழைய போர்வையும் தொங்கவிட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. பட்டப்பகலிலும் டியூப்லைட்டில்தான் தையல். இப்போது டெய்லர் அக்காவுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்திருந்தது. கறுப்பு நூலுக்கும் கருநீல நூலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வங்கி அதிகாரியின் கறுப்புக் கோட்டுக்கு நீல நூலில் கை பொருத்திக் கொடுத்ததில், அவர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

கண் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "பகல் வெளிச்சத்துல தைங்க. முடியாதுன்னா தையலை விட்டுடுங்க."

"முன்ரூமுக்கு மிஷினை மாத்திக்கறேன். உங்க பெட்டிங்களை வேன் நிக்கற ஷெட்ல போடுங்க," என்றார் டெய்லர் அக்கா வீட்டுக்கு வந்ததும்.

"ஷெட்ல போட்டா காலையில ஷெட் மட்டும்தான் இருக்கும்."

"அப்போ ஜன்னலைத் திறங்க."

"திறந்தா நீ மிஷின்ல உக்கார மாட்டே. மயங்கி விழுந்துதான் கிடப்பே."

இரண்டும் உண்மைதான். அதனால் டெய்லர் அக்காவின் பிழைப்பு கால்வாயின் கையில் இருந்தது.

அப்போதுதான் நீர்வழி மீட்பு நிதி வந்தது. அதைப் படித்துச் சொன்னவர் தெருமுனைப் பழைய பேப்பர்கடைக்காரர். எடைக்கு வரும் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். "நான் படிக்கறதெல்லாம் போன மாசத்து நியூஸ்தான். ஆனா நம்ம கால்வாய்க்குப் போன மாசம், போன வருஷம் எல்லாம் ஒண்ணுதானே" என்று கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு விதிகளை விளக்கினார்.

இந்தத் தடவை பணம் கொடுப்பவர்களுக்கே சந்தேகம் வந்திருந்தது. பணம் மூன்று தவணையாக வரும். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முதல் தவணை. கண்டுபிடித்ததைச் சரிசெய்ய இரண்டாவது. வெளியூர் ஆய்வகம் தண்ணீரைச் சோதித்துச் சரி என்றால்தான் மூன்றாவது. மேடை, வேலி, நீரூற்று, பெயர்ப்பலகை எதற்கும் ஒரு காசு கிடையாது. இரண்டாம் தவணை வர வேண்டுமென்றால் கரையோரக் குடும்பங்கள் பொதுக்கூட்டத்தில் கூடிச் சம்மதம் சொல்ல வேண்டும். முந்தைய திட்டங்களில் அந்த மாதிரிக் கூட்டங்கள் காகிதத்தில் மட்டுமே கூடிக் காகிதத்திலேயே கலைந்துவிட்டனவாம். ஆகவே இம்முறை கூட்டத்தை முழுக்க ஒலிப்பதிவு செய்து, வெட்டாமல் ஒட்டாமல் மேலே அனுப்ப வேண்டும். சம்மதம் இல்லையென்றால் பணம் வரிசையில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"நல்ல விதியாத்தானே இருக்கு?" என்றார் பேப்பர்கடைக்காரர்.

"திறப்பு விழாவுக்குப் பணமே கிடையாதாமா?" என்றார் ஹலோ அண்ணன். "அப்போ இதுல வேற என்னமோ இருக்கு."

அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுவதுபோல ஒரு நாள் கால்வாய் பச்சையாக ஓடியது. பாசிப் பச்சை இல்லை. போக்குவரத்து விளக்கின் பச்சை. தெருவே கரையில் கூடியது. மேலே இருக்கும் சாயப்பட்டறைதான் காரணம் என்றார்கள் சிலர். தேர்தல் வருகிறது, கட்சி நிறத்தைக் கரைத்துவிட்டிருக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். மைக் செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வெளியூரிலிருந்து திரும்பிய ஹலோ அண்ணன் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். பக்கத்தில் மச்சான், டெய்லர் அக்காவின் தம்பி. பெட்டி தூக்குவது, ஒயர் இழுப்பது, மாமாவைச் சீண்டுவது மூன்றும் அவர் வேலை.

"என்ன மாமா, சிக்னல் விழுந்துடுச்சு, போகலாமா?"

"சிரிக்காதே. இது பெரிய கை."

வீட்டில் டெய்லர் அக்காவுக்கு வெளியே கேட்ட கூச்சலில்தான் விஷயம் தெரிந்தது. ஜன்னல்தான் ஆணியடித்துக் கிடந்ததே. அன்று காலை நகராட்சி ஆட்கள் வந்து, குழாய் சரியாகப் போகிறதா என்று பார்க்கக் கழிவறையில் எதையோ ஊற்றித் தண்ணீர் விட்டுப் போனதை அவர் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால், வந்தவர்கள் போட்டிருந்த செருப்பு முதற்கொண்டு கேள்வி வரும். தைக்க வேண்டிய துணி கிடந்தது.

அந்தத் தெருவில் ஒரு சொல் மட்டும் எல்லாரையும் எழுந்து நிற்க வைக்கும். 'மூடுவது'. பக்கத்துப் பகுதியில் இதே கால்வாயின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, கார் நிறுத்தும் இடமாக்கினார்கள். மூடியபின் யாரும் உள்ளே பார்க்கவில்லை, தூர் வாரவும் இல்லை. அடுத்த பெருமழையில் கால்வாய் குளியலறை வழியாக வீடுகளுக்குள் ஏறியது. அங்கிருந்து தப்பி வந்த சொந்தக்காரர்களுக்கு இந்தத் தெருவில் பாய் விரித்துக் கொடுத்தவர்கள் பலர்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மைக் செட்டும் ஒலிப்பதிவும் ஹலோ அண்ணன்தான். மேடையில் கவுன்சிலரும் திட்டத்துக்கான பொறியாளர் மேடமும். கவுன்சிலர் வீடும் அதே கரையில்தான், தெருவின் கடைசியில், மாடியும் பால்கனியுமாக. பொறியாளர் இளவயதுக்காரர். மெல்லிய குரல், அதிலும் மைக்கிலிருந்து தள்ளித் தள்ளிப் போகும் பழக்கம். இப்படிப்பட்டவர்களை ஹலோ அண்ணனுக்குப் பிடிக்காது. வால்யூமை ஏற்றினால் மைக் ஊளையிடும், இறக்கினால் ஆள் காணாமல் போய்விடுவார்.

டெய்லர் அக்கா முன்வரிசையில் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்.

"என்ன பேசப் போறே?"

"ஜன்னலைப் பத்தி."

"உலகமே கால்வாயைப் பத்திப் பேசுது, நீ ஜன்னலைப் பத்திப் பேசப் போறியா?"

"எனக்குக் கால்வாய்ன்னா ஜன்னல்தான்."

முதல் பாதி ஒழுங்காக நடந்தது. திட்டத்தை விளக்கினார்கள். தேநீர் இடைவேளை விட்டார்கள். கூட்டம் வெளியே நகர்ந்தது. ஹலோ அண்ணன் ஸ்பீக்கரை நிறுத்தினார், ஹெட்போனைக் கழற்றவில்லை. மேடையில் கவுன்சிலர் பொறியாளர் பக்கம் சாய்ந்தார். மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டது.

"...இப்போ சொன்னா கூட்டம் கலைஞ்சிடும்மா."

"...பேசாம மூடிடலாம் சார். தெருப்பக்கம் வேலையை முடிச்சுட்டு, பின்னாடி..."

"...ஜனங்க கேட்டா என்ன சார் சொல்றது?"

"மூடினப்புறம் சொல்லிக்கலாம்மா."

ஹலோ அண்ணனுக்குக் காதுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷச் சந்தேகமும் ஒரே நொடியில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மூடிடலாம். கார் நிறுத்தும் இடம். குளியலறை வழியாக ஏறும் தண்ணீர். மேலே பலகை போட்டுவிட்டால் அந்த ஜன்னல் இனி எந்தக் காலத்திலும் திறக்காது. திறந்தால் கான்கிரீட்தான் தெரியும்.

மேடையில் கேட்டதை மேடையோடு விடாதது அன்றுதான் முதல் தடவை. டீ வாங்கி வந்த மனைவியை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இழுத்து விஷயத்தைச் சொன்னார்.

"நல்லாக் கேட்டீங்களா? உங்களுக்கு எல்லாமே அப்படித்தான் கேக்கும்."

"மூடிடலாம்னு அந்தப் பொண்ணே சொல்லுது. மூடினப்புறம் சொல்லிக்கலாமாம்."

டெய்லர் அக்கா டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

கூட்டம் மறுபடி தொடங்கியதும் பொதுமக்களுக்கான மைக்கை முதலில் வாங்கியவர் அவர்தான். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒரே ஒரு கேள்விங்க மேடம். ஆமாவா இல்லையான்னு சொன்னாப் போதும். மூடப் போறீங்களா?"

பொறியாளர் கவுன்சிலரைப் பார்த்தார். பிறகு, பொய் சொல்லப் பழகாதவர்கள் செய்வதைச் செய்தார்.

"ஆமாங்க. மூடத்தான் போறோம்."

அதற்குமேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மண்டபம் வெடித்தது. நாற்காலிகள் சாய்ந்தன. "எங்களை மூழ்கடிக்கப் பாக்குறியா?" என்று ஒருவர் மேடையை நோக்கி ஓடினார். "கார் நிறுத்த எங்க வீடுதான் கிடைச்சுதா?" என்றார் இன்னொருவர். பேப்பர்கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி, "பதிவாகுது! எல்லாம் பதிவாகுது! கெட்ட வார்த்தை வேணாம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். சம்மதம் வேண்டாம், கூட்டத்தைக் கலையுங்கள் என்ற குரல் வலுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நிதி அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியிருக்கும்.

ஹெட்போன் மாட்டியிருந்த ஒருவருக்கு மட்டும் பொறியாளரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கால்வாயை இல்லீங்க! குழாயை! குழாயைத்தான் மூடப் போறோம்! உங்க வீட்டுக் குழாய்ங்க!"

ஹலோ அண்ணனின் கை வால்யூமுக்குப் போயிற்று. போய் அங்கேயே நின்றது.

என்ன குழாய்? யார் வீட்டுக் குழாய்? பழியை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களா? ஏற்றினால் இந்தப் பேச்சு எல்லார் காதுக்கும் போகும். ஏற்றாவிட்டால் கூட்டம் கலையும், அவர் மனைவி ஊரைக் காப்பாற்றியவர் ஆவார், ஜன்னலில் ஆணி அப்படியே இருக்கும்.

"மாமா, அந்தம்மா என்னமோ சொல்லுது. ஏத்துங்க," என்றார் மச்சான்.

"இருடா. சந்தேகமா இருக்கு."

"உங்களுக்கு எப்பத்தான் இல்ல? சந்தேகமா இருந்தா கேட்டுத் தொலைங்களேன். மைக்கு உங்களுதுதானே?"

மைக் தன்னுடையது என்பது அதுவரை ஹலோ அண்ணனுக்குத் தோன்றியதே இல்லை. சோதனைக்காக வைத்திருக்கும் கை மைக்கை எடுத்தார். பழக்க தோஷம், விரலால் சுண்டினார்.

"ஹலோ... ஹலோ..."

எல்லா ஸ்பீக்கரிலும் அது இடிபோல் விழுந்தது. மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஹலோவுக்கு அப்புறமும் அந்தக் குரல் நிற்காததில்தான் எல்லாரும் அடங்கினார்கள்.

"மேடம். அன்னிக்குப் பச்சைத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

பொறியாளர் மேசையைப் பிடித்துக்கொண்டார். இப்போது மைக்குக்கு மிக நெருக்கமாக நின்றார். ஹலோ அண்ணன் வால்யூமை ஏற்றியிருந்தார்.

"நாங்கதான் விட்டோம். கெடுதல் இல்லாத சாயம். வீட்டுக் கழிவு எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு. தெருப்பக்கம் பெரிய லைன்ல போகணும். போகல. இந்தக் கரையில பாதிக்கு மேல கால்வாய்லதான் வந்து விழுது. சாயப்பட்டறைகிட்ட தண்ணி எடுத்துப் பாத்தோம், அங்க இவ்வளவு மோசம் இல்ல. இங்க வந்துதான் கெடுது."

"எங்க வீட்டுது மெயின் லைன்ல போகுதுங்க! மேஸ்திரியே சொன்னாரு!" என்றார் மேடையை நோக்கி ஓடியவர்.

"எங்களுக்கும் மேஸ்திரிதான் சொன்னாரு," என்றார் பின்வரிசையில் ஒரு அம்மா.

"எந்த மேஸ்திரி?"

இரண்டு பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். அங்கங்கே ஐந்தாறு பேர் அதே ஆளைச் சொன்னார்கள். சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் மண்டபத்தில் சுற்றியது.

டெய்லர் அக்கா இன்னும் மைக்கோடு நின்றிருந்தார். நகராட்சி ஆட்கள் கழிவறையில் எதையோ ஊற்றியது அவருக்கு நினைவு வந்தது.

"எங்க வீட்டுக்கும் வந்தாங்களே," என்றார் மெதுவாக. "எங்களுதும் பச்சையா வந்துச்சா மேடம்?"

"பேர் சொல்ல வேணாம்னு பாத்தேங்க."

"சொல்லுங்க. பரவால்ல."

"உங்க பின்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழ."

டெய்லர் அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார். ஹலோ அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எந்த நாற்றத்துக்காக ஜன்னலை அடைத்தாரோ, அது அடைத்த ஜன்னலுக்குக் கீழேயே சொந்த வீட்டிலிருந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறது. திறந்து எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டிப் பார்க்க முடியாதபடி ஆணி அடித்ததும் அவர்தான்.

ஆனாலும் அவர் விட்டுவிடவில்லை. கை மைக் இன்னும் கையில் இருந்தது.

"அப்போ எங்ககிட்ட மறைச்சீங்கதானே?"

"மறைச்சோம்தாங்க. பேர் வெளிய வந்தா வெக்கப்பட்டுச் சம்மதம் தர மாட்டீங்க, வேலை ஆனப்புறம் சொல்லிக்கலாம்னு யோசனை சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

பொறியாளர் கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஹலோ அண்ணனுக்கு ஒரு நிம்மதி வந்தது. சந்தேகம் முழுக்க வீண்போகவில்லை.

"அப்போ இப்படி எழுதிக்குங்க," என்றார் டெய்லர் அக்கா. தையல் அளவு சொல்லும் குரலில் சொன்னார். "மூடறதுன்னு சும்மா எழுதக் கூடாது. எதைன்னு எழுதணும். குழாயை மட்டும். கால்வாய் மேல ஒரு பலகை விழக் கூடாது. பகல்லதான் மூடணும், வீட்டுக்காரங்க பாத்துக்கிட்டு இருக்கணும். தெருவுல ஒரு வீடு பாக்கி இருக்கக் கூடாது, அது யார் வீடா இருந்தாலும் சரி. முதல்ல எங்க வீட்டுது."

அப்படியே எழுதினார்கள். கைகள் உயர்ந்தன. ஒரே அடியாக உயரவில்லை. பக்கத்து வீட்டுக் கை உயர்கிறதா என்று ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்து, பிறகு தன் கையைத் தூக்கினார்கள்.

இரண்டாம் தவணை தாமதமாக வந்தது. நடுவில் மேலிருந்து ஒரு விளக்கம் கேட்டிருந்தார்கள்: 'ஒலிப்பதிவில் குறுக்கிட்டு முக்கியக் கேள்விகளை எழுப்பும் ஹலோ என்பவர் கூட்டத்துக்கு வந்தோர் பட்டியலில் இல்லையே, யார் அவர்?' பேப்பர்கடைக்காரர் இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்.

வேலை தொடங்கியது. தெருப்பக்கம் தோண்டி வீட்டுக் குழாயைப் பெரிய லைனில் இணைத்து, பின்பக்கத்து வாயைச் சிமெண்டால் அடைத்தார்கள். முதல் வீட்டு வேலை முடிந்ததும் ஹலோ அண்ணன் பின்னறையில் போர்வையை இறக்கி, டேப்பைக் கிழித்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெளிச்சம் உள்ளே வந்தது. கூடவே நாற்றமும் வந்தது. ஆனால் மயங்கி விழும் நாற்றம் இல்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு தைக்கலாம். வீடுகள் முடிய முடிய அதுவும் குறைந்தது. ஒரு கட்டத்துக்குமேல் குறையவில்லை. ஜன்னலில் நின்று மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஹலோ அண்ணன். தெருவின் கடைசிப் பக்கமிருந்து காற்று வீசும்போதுதான் வந்தது.

கவுன்சிலர் வீட்டு வேலை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆள் வரவில்லை என்றார். சிமெண்ட் வரவில்லை என்றார். வீட்டில் விருந்தாளி என்றார்.

ஒரு சாயங்காலம் ஹலோ அண்ணன் மச்சானோடு அவர் வாசலில் போய் நின்றார். வேனில் ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன.

"என்ன அண்ணே, பெட்டியோட வந்திருக்கீங்க?"

"இந்தக் கால்வாய்க்கு எத்தனையோ திறப்பு விழா. எல்லாத்துக்கும் நான்தான் மைக் போட்டேன்," என்றார் ஹலோ அண்ணன். "உங்க வீட்டுக் குழாய்க்கு மூடுவிழா வெப்பீங்கல்ல. அதுக்கும் நானே போட்டுடறேன். காசு வேணாம். தேதி சொன்னீங்கன்னா இப்பவே தெருவுல அறிவிச்சுடலாம்."

"மாலை மரியாதை எல்லாம் நாங்க பாத்துக்கறோம்," என்றார் மச்சான்.

கவுன்சிலர் சிரித்தார். ஆனால் மறுநாளே ஆள் வந்தது, சிமெண்ட் வந்தது. விழா இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் குழாய் மூடப்பட்டது. யாருக்கும் சொல்லாமல் என்பதுதான் ஹலோ அண்ணனை உறுத்தியது. நேராகப் பொறியாளரிடம் போய்ப் பச்சைச் சாயம் ஒரு பொட்டலம் கேட்டார். அவர் மறுக்கவில்லை. அவருக்கும் லேசான சந்தேகம் இருந்திருக்கும்போல. தானே ஒரு ஆளையும் கூட அனுப்பினார். கவுன்சிலரின் மனைவி, "நல்லாப் பாருங்க, எனக்கும் தெரியணும்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

மச்சான் அங்கே சாயத்தை ஊற்றினார். இங்கே ஹலோ அண்ணன் பின்னறை ஜன்னலில் முழு உடம்பையும் சாய்த்து, கால்வாயின் கடைசி வளைவுவரை பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லர் அக்கா ஒரு கறுப்புக் கோட்டைக் கறுப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசி அடித்தது. "ஊத்தியாச்சு மாமா. நாலு வாளி தண்ணியும் விட்டாச்சு."

நேரம் போயிற்று. தண்ணீர் தன்பாட்டில் சாம்பல் நிறத்தில் நகர்ந்தது. முகம் தெரியும் அளவுக்கு இல்லை. ஆய்வகம் என்ன சொல்லுமோ, மூன்றாம் தவணை வருமோ வராதோ, அதெல்லாம் இனிமேல்தான்.

"என்னங்க, என்ன கலர் ஓடுது?"

"ஒண்ணும் ஓடலை."

"அப்போ மூடிட்டாங்கதானே? அப்புறம் ஏன் அப்படியே நிக்கறீங்க?"

"ஒண்ணுமே ஓடலையே. அதான் சந்தேகமா இருக்கு."

"இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நின்னு சந்தேகப்படுங்க," என்றார் டெய்லர் அக்கா. "வெளிச்சத்தை மறைக்காதீங்க."